புளியங்கொட்டையும் விதானையாரும்

பாத்திரமேற்று விளையாடும் எங்கள் மேசையில், விளையாட்டை நடத்தும் எனக்கு 'கேம் மாஸ்டர்' என்ற பெயர் மூன்று கிழமைகூட நிற்கவில்லை. கிளிநொச்சியில் ஒரு ரியூசன் கொட்டிலில்தான் விளையாடுகிறோம். சனிக்கிழமை வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் போனதும் இரண்டு வாங்குகளை எதிரும் புதிருமாகப் போட்டு நடுவில் மேசையை இழுத்துக்கொள்வோம். அதே கொட்டிலில் மத்தியானம்வரை கணக்குப் படிப்பிப்பவரும் எங்களில் ஒருவர். யாராவது 'மாஸ்டர்' என்று கூப்பிட்டால் நானும் அவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்போம். கடைசியில் ஓட்டோ ஓடும் அண்ணைதான் ஒரு முடிவு கட்டினார்.

"தம்பி, கூத்துக்கு அண்ணாவியார் மாதிரித்தானே உன்ரை வேலையும். அண்ணாவியெண்டே கூப்பிடுவம்."

எனக்கு உச்சி குளிர்ந்து போனது. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவனை அண்ணாவியார் என்றால் வேறென்ன நடக்கும்? பாட்டும் தாளமும் அவர் பொறுப்பு. வரி மறந்தவனுக்கு வரி எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். யார் எப்போது களரிக்கு வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தப் பெயரோடு ஒரு வருடம் திரிந்தேன். அந்த ஒரு வருடமும் நான் நடத்தியது பிழையான விளையாட்டு.

இதை விளையாடியிருக்காதவர்களுக்கு ஒரு சொல். பாத்திரமேற்று விளையாடும் மேசை விளையாட்டு இது. வெல்வதற்குக் காய் இல்லை, பலகையும் அநேகமாகத் தேவையில்லை. ஆளுக்கொரு பாத்திரம் எடுப்பார்கள். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்காமல் காடு, ஊர், எதிரி, மழை எல்லாவற்றுக்கும் வாயாக இருப்பார். "ஒற்றையடிப் பாதையில் போகிறீர்கள், முன்னுக்குக் கிளை முறியும் சத்தம்" என்பார் அவர். "நான் மரத்தில் ஏறுகிறேன்" என்பார் இன்னொருவர். ஏற முடியுமா என்ற சந்தேகம் வந்தால் தாயக்கட்டை. அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது யார், எழுதி வைத்த விதியா அல்லது காட்டுக்கு வாயாக இருக்கும் அந்த ஆளா என்பதில்தான் இரண்டு நூற்றாண்டாக இழுபறி.

1824இல் பிரஷ்ய இராணுவத்தின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ், தகப்பன் தொடங்கி வைத்த போர் விளையாட்டைத் திருத்தி விதிகளோடு அச்சிட்டார். இரண்டு தரப்பும் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுக்கும். நடுவர் வரைபடத்தில் படைகளை நகர்த்துவார், கட்டையை உருட்டி அட்டவணையைப் பார்த்து இழப்பைச் சொல்வார். போகப் போக கணக்குப் பார்ப்பதே பெரிய வேலையாகிவிட்டது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி அட்டவணையையும் கட்டையையும் ஒருபக்கம் ஒதுக்கி வைத்தார். போர் தெரிந்த நடுவர் இருக்கும்போது அவர் வாயால் சொன்னால் போதாதா என்பது அவர் கட்சி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நடுவர் மூத்தவர், விளையாடுபவர்கள் இளையவர்கள், எல்லாரும் சீருடையில். தீர்ப்பை ஏற்றுக்கொள்வது அவர்கள் உத்தியோகத்தின் ஒரு பகுதி. எங்கள் கொட்டிலில் அப்படி ஒன்றும் இல்லை. காட்டைப் பற்றி ஓட்டோ அண்ணைக்குத் தெரிந்ததில் காற்பங்கு எனக்குத் தெரியாது. ஒருமுறை நான் பாலைமரத்தில் ஒருவனை நித்திரை கொள்ள வைத்தேன். "பழக்காலத்தில பாலைக்குக் கிட்ட கரடி நிக்கும், ஆரும் அதில படுப்பினமோ" என்று அவர் கேட்டதோடு என் தீர்ப்பு முடிந்தது.

1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி செய்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு போர் விளையாட்டு ஆயத்தம் செய்தார். படைத்தளபதிகளோடு ஊர்க்காரருக்கும் ஆளுக்கொரு வேலையும் நோக்கமும் கொடுத்தார். படைகள் மோதுவதற்கு முன்னரே ஆட்கள் தங்கள் பாட்டில் கதைக்கவும் சூழ்ச்சி செய்யவும் தொடங்கிவிட்டார்கள். இருவர் தங்களுக்குள் ஒற்றைக்கு ஒற்றை சண்டை பிடிக்கப் போகிறோம் என்றார்கள். அதற்கு விதி இல்லை. வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றை யோசித்துச் சொன்னார். இரவு முடிய, எல்லாம் குழம்பிவிட்டது, தோல்வி என்று நினைத்தார். வந்தவர்களோ இன்னொன்று நடத்தச் சொல்லிக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அதே வழியில் போய், கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார். முதல் அச்சு ஆயிரம் பெட்டிகள்.

எங்களுக்கு அது வந்து சேர்ந்தது போன் வழியாக. 2023 ஜனவரியில் அதன் அடிப்படை விதிகளை யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் விட்டார்கள். தேவையான பக்கங்களை மட்டும் அச்செடுத்தேன், அதுவே ஒரு கொப்பியளவு வந்தது. அதற்கு வேண்டிய இருபது பக்கக் கட்டைக்கு எங்கே போவது? போனில் உருட்டிப் பார்த்தோம். ஒருவர் திரையில் வரும் எண்ணை மற்றவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பதில் ஒரு ருசியும் இல்லை. அப்புறம் தங்கச்சி ஒருத்தி, ஆடைத்தொழிற்சாலையில் வேலை செய்பவள், கைநிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தாள். சின்ன வயதில் செய்வதுபோல ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி ஆறு கொட்டை தேர்ந்தெடுத்தோம்.

கணக்கு மாஸ்டருக்கு அன்றைக்குத்தான் இந்த விளையாட்டில் உண்மையான ஆசை வந்தது. இருபது பக்கக் கட்டையில் எந்த எண்ணும் நூற்றுக்கு ஐந்து. ஒன்று விழுவதும் பத்து விழுவதும் ஒரே பாடு. ஆறு கொட்டை அப்படியில்லை. வெள்ளையும் பழுப்பும் சமமாக விழும் என்று வைத்தால் 64 விதமாக விழலாம். அதில் மூன்று வெள்ளை வருவது 20 விதம், ஆறும் வெள்ளையாக வருவது ஒரேயொரு விதம். நடுவில்தான் கூட்டம். இரண்டும் அதற்குக் கீழும் தோல்வி, நான்கும் அதற்கு மேலும் வெற்றி, மூன்று விழுந்தால் காரியம் நடக்கும் ஆனால் ஏதோ ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று பிரித்தோம். 22, 20, 22. அந்த நடுப்படியை 2010இல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' விளையாட்டிலிருந்து எடுத்தோம். பேக்கர் தம்பதி எழுதிய அந்த விளையாட்டில் இரண்டு சாதாரணக் கட்டைகளை உருட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வந்தால் விலை கொடுத்த வெற்றி.

கைதேர்ந்தவனுக்கு என்ன சலுகை? எண் கூட்டிக் கொடுப்பது மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. எறிந்த பிறகு ஒரு பழுப்பை எடுத்து மறுபடி எறியலாம் என்றார். வெற்றி 64இல் 22ஆக இருந்தது 32 ஆகிறது, சரி பாதி. கொட்டைகளைக் கையில் குலுக்கிக்கொண்டே அவர் இதைச் சொன்ன விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கொட்டை எல்லாம் ஒரே அளவாகத் தேய்ந்ததா என்பது வேறு கதை. யாருக்கும் எந்தக் கொட்டையிலும் சந்தேகம் கேட்க உரிமை உண்டு என்று மட்டும் கொப்பியில் எழுதி வைத்தோம்.

கதைக்களம் 1803ஆம் ஆண்டு வன்னி. அந்த ஓகஸ்ட் 25இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தான். ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயரின் அதிகாரி வொன் டிரிபேர்க் கொண்டுவந்த படையிடம் தோற்றான். தோற்ற இடமான கற்சிலைமடுவில் அதைச் சொல்லிக் கல்லும் நட்டார்கள். எங்கள் பாத்திரங்கள் பெரியவர்கள் அல்ல. ஓட்டோ அண்ணை யானை பிடிக்கும் பணிக்கன். தங்கச்சி தேன் எடுப்பவள். மாஸ்டர் கோயில் கணக்குப்பிள்ளை, வேறென்ன. மச்சான் ஒருவன் ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு ஆளாக வருவான், அவனைப் பற்றி எழுதினால் இது முடியாது.

விளையாட்டைத் தொடங்கும் முன்பே ஒரு விதி வந்தது. அது என்னிடமிருந்து வரவில்லை. கோட்டை இருந்தால் பீரங்கி இருக்கும். தங்கச்சி கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பீரங்கி இருக்கட்டும் அண்ணா. ஆனா சத்தத்தை மட்டும் வாயால எழுப்ப வேண்டாம்." ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. காணாமல் போவதும் கதையில் வேண்டாம் என்றார் ஓட்டோ அண்ணை. இரண்டையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன். வெளிநாட்டு மேசைகளில் இதற்கு ஒரு அட்டை வைத்திருப்பார்களாம், தொட்டால் அந்தக் காட்சி நிற்கும். எங்களுக்கு அந்தப் பக்கமே போதுமாக இருந்தது. இதில் கொட்டை எறிய ஒன்றுமில்லை, நான் தீர்ப்புச் சொல்லவும் ஒன்றுமில்லை.

சரி, என் பிழைக்கு வருகிறேன். அண்ணாவியாருக்கு முடிவு தெரியும். கோவலன் மதுரைக்குப் போவான், வெட்டுப்படுவான், எந்த ஊரில் ஆடினாலும் அதுதான். எனக்கும் கற்சிலைமடு தெரியும். ஆகவே எல்லாரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதில் குறியாக இருந்தேன். கடற்கரைப் பக்கம் போனால் அங்கே ஒரு தூதன் நிற்பான், கற்சிலைமடுவுக்கு வரச் சொல்லி. தெற்கே போனால் வழியில் ஒரு கிழவி அதையே சொல்லுவாள். யாழ்ப்பாண பஸ் எதுவும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போகாதல்லவா, அதுமாதிரி. மச்சான் ஒருநாள் கேட்டேவிட்டான்: "நாங்கள் எங்க போனாலும் உங்களுக்கு ஒண்டுதான் என்ன?" சிரித்துச் சமாளித்தேன்.

அதைவிட மோசமானது கரடி. ஒட்டுசுட்டான் காட்டில் தேன் எடுக்கப் போனவள் முன்னால் கரடி வந்தது. அந்தக் காலத்தில் சில எறிகளை நானே கொப்பிக்குப் பின்னால் மறைத்து எறிவேன். புத்தகங்களில் அப்படிச் செய்யலாம் என்றிருக்கிறது. வேண்டுமென்றால் எந்த விதியையும் நடத்துபவர் மீறலாம் என்றும் சொல்வார்கள், அதைப் 'பூச்சிய விதி' என்று பெருமையாகக் கூப்பிடுவோரும் உண்டு. ஒரேயொரு வெள்ளை. அவள் சாக வேண்டும். கதை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது, அவள் இல்லாமல் கற்சிலைமடு எனக்குச் சப்பென்றிருக்கும். கையால் கொட்டைகளைக் கூட்டிக்கொண்டு "மூன்று" என்றேன். கத்தியையும் தேன் குடத்தையும் விட்டுவிட்டு அவள் தப்பினாள். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு கிழமை கழித்து மழையில் பெருகிய பேராற்றைக் கடக்கப் போனான் பணிக்கன். ஓட்டோ அண்ணை தானே எறிந்தார், எல்லார் முன்னும். இரண்டு வெள்ளை. அவன் கைதேர்ந்தது யானையில், தண்ணீரில் அல்ல, மறு எறி கிடையாது. ஆறு அடித்துக்கொண்டு போகிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் கொட்டைகளைப் பார்த்தார்.

"தம்பி, அண்டைக்குக் கரடியிட்ட தங்கச்சிக்கு ஒரு வெள்ளைதான் விழுந்தது. நான் பக்கத்தில இருந்து பார்த்தனான்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாஸ்டர்தான் கோபப்பட்டார். இவ்வளவு நாளும் நாங்கள் எறிந்தது என்னத்துக்கு என்றார். எல்லாரையும்விட நொந்துபோனவள் நான் காப்பாற்றியவள். "அப்ப அதுக்குப் பிறகு நான் செய்ததெல்லாம் நீங்கள் தந்ததோ?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அன்று பிளேன்ரீகூடக் குடிக்காமல் கலைந்தோம்.

அப்பா திண்ணையில் இருந்தார். புளியங்கொட்டையை எறிந்து சண்டை பிடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கம், ஆனாலும் சொன்னேன். அவர் எங்கள் குளத்துக்கு விதானையாராக இருந்தவர். கிராம அலுவலரையும் விதானையார் என்பார்கள், அவரைச் சொல்லவில்லை. அப்பா வாய்க்காலில் தண்ணீர் பங்கிட்டவர். சிறுபோகத்துக்கு முன்னம் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எந்த நாள் முறை என்று அங்கேயே தீரும். பிறகு துருசைத் திறப்பது, மறிப்பது, வாய்க்கால் உடைந்தால் யார் நட்டத்தைத் தாங்குவது என்பதெல்லாம் கூட்டத்தில் எழுதாத காரியங்கள், விதானையார் வாய்க்கால் கரையில் நின்று சொல்ல வேண்டியவை.

ஒரு வருடம் தண்ணீர் மட்டு. கடைசி வயல் ஒரு விதவை மனிசியுடையது. பயிர் வாடுகிறதென்று இரவில் முறை மாறி ஒரு மணித்தியாலம் கூடத் திறந்துவிட்டார் அப்பா. விடியக் கரையில் ஈரம் பார்த்து ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். படலையடியில் எட்டுப் பத்துச் சைக்கிள்கள் நின்றது எனக்கும் நினைவிருக்கிறது. அவர் செய்தது இரக்கம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. நாளைக்கு யார்மேல் இரக்கம் வரும் என்று தெரியாததுதான் அவர்களுக்குப் பயம். அந்த மனிசிக்கும் அடுத்த போகம் முழுக்கப் பேச்சு.

"கூட்டத்தில சொல்லியிருந்தா எல்லாரும் ஓமெண்டிருப்பினம்" என்றார் அப்பா. "நான் கேக்கேல்லை."

அடுத்த சனிக்கிழமை கொப்பியைத் திறந்து முன்பக்கத்தில் இருந்து மாற்றினோம். மறைத்து எறிவது ஒழிந்தது. நான் எறிவதே இல்லை, அந்தப் பேக்கர் தம்பதியின் விளையாட்டில் நடத்துபவருக்குக் கட்டை கிடையாது, முன்பு வாசித்தபோது அது வெறும் பாணி என்று நினைத்திருந்தேன். உயிர் போகக்கூடிய எறி என்றால் எறியும் முன்பே நான் சொல்லிவிட வேண்டும், கேட்டுவிட்டுப் பின்வாங்கலாம். தோற்றால், மேசையில் வேறு யாராவது தன் பாத்திரத்தின் தாளில் எழுதியிருக்கும் ஒன்றை, மனிதரோ பொருளோ, திரும்பி வராத மாதிரி வெட்டினால் தோற்றவன் பிழைப்பான். ஒருவரும் வெட்டாவிட்டால் சாவு. இதில் எனக்கு வாயே இல்லை. பணிக்கனுக்காக அன்றே இதைப் பின்னோக்கிச் செய்யலாமா என்று கேட்டேன். ஓட்டோ அண்ணை வேண்டாம் என்றார், ஆறு கொண்டுபோனது கொண்டுபோனதுதான். அடுத்த கிழமை பணிக்கனின் தம்பியாக வந்தார்.

முடிவு தெரிந்த கதையை என்ன செய்வது? மாஸ்டர் கரும்பலகையில் ஓகஸ்ட் 25 தொடங்கி ஒக்டோபர் 31வரைக்கும் 67 கோடு போட்டார். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நடந்தால் எத்தனை கோடு அழியும் என்று ஒரு அட்டவணை. ஆம், ரைஸ்விட்ஸ் மாதிரி அட்டவணைதான். குளத்தின் அளவுகோலில் தண்ணீர் இறங்குவதுபோல நாள் இறங்கும். நான் கதைக்காக ஒரு நாளையும் நீட்டவோ சுருக்கவோ முடியாது. தோல்வி அந்த நாளில் வரும். அதற்கு முன்னம் யாரை எங்கே கொண்டுபோய் விடுவது என்பது அவர்கள் பாடு. அவர்கள் கற்சிலைமடுவுக்கே போகவில்லை. நெல்லையும் கிழடு கட்டைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். நான் ஆறு மாதம் ஆயத்தம் செய்து வைத்திருந்த சண்டை அப்படியே கொப்பியில் கிடக்கிறது. (கரும்பலகையின் மூலையில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தும் ஒரு பிள்ளை ஒன்பது கோட்டை அழித்துவிட்டது. அதையும் நாள் போனதாகவே எடுத்துக்கொண்டோம், நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு.)

எல்லாவற்றுக்கும் விதி வேண்டும் என்று சொல்லவில்லை. வாய்ப்பேச்சுக்கு விதி வேண்டாம் என்றுதான் நெடுநாள் நின்றேன். கதையில் வரும் முதலியாரை இணங்க வைக்க வேண்டுமா, பேசிக் காட்டு, பேச்சு நன்றாக இருந்தால் அவர் இணங்குவார், கொட்டை எதற்கு? இந்த நியாயத்தில் எப்போதும் வென்றது ஓட்டோ அண்ணை. சவாரி முழுக்கக் கதைத்துப் பழகியவரோடு யார் போட்டி போடுவது? தங்கச்சி நாலு சொல்லுக்கு மேல் பேசமாட்டாள். ஆனால் அவளுடைய தேன்காரி சந்தையில் பேரம் பேசியே பிழைப்பவள் என்று தாளில் இருக்கிறது. என் தீர்ப்பில் அந்தத் தேன்காரி ஊமையாகிக் கிடந்தாள். இப்போது என்ன கேட்கிறாய் என்பதை மட்டும் சொல்லச் சொல்வேன், மிச்சத்தைக் கொட்டை பேசும். நடுவர் தீர்ப்பே போதும் என்கிறவர்கள் இந்தப் பக்கத்தை அவ்வளவாக நினைப்பதில்லை. நல்ல பேச்சுக்காரனைத்தான் நடுவருக்கும் பிடிக்கும்.

என் வேலை குறைந்துபோனதா என்று கேட்டால், இல்லை. முன்பு ஒரு கதையைத்தான் காவித் திரிந்தேன். இப்போது ஊருக்குள் நெல் எவ்வளவு இருக்கிறது, முதலியாருக்கு யாரில் கோபம், மழை எப்போது, கரடி எங்கே என்று எல்லாவற்றையும் நேர்மையாக வைத்திருக்க வேண்டும். மூன்று வெள்ளை விழும்போது என்ன விலை என்பதையும் நான்தான் சொல்கிறேன். அதில் கஞ்சத்தனமும் கூடாது, வள்ளல்தனமும் கூடாது. விலை கூடிவிட்டது என்று யாராவது முனகினால் நின்று கேட்பேன்.

'அண்ணாவி' என்ற பெயர் தானாகக் கழன்றுவிட்டது. அப்பாவின் கதையைச் சொன்னபிறகு மச்சான் 'விதானையார்' என்று கூப்பிடத் தொடங்கினான், பகிடியாகத்தான்.

போன மாதம் அப்பா மருந்தெடுக்க ரவுணுக்கு வந்தவர், ஓட்டோ அண்ணையோடு வீட்டுக்குப் போவதற்காகக் கொட்டிலில் வந்து இருந்தார். அரை மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். இவர்கள் என்னை விதானையார் என்று கூப்பிடுவதைக் கேட்டு ஒருமுறை நிமிர்ந்தார், அவ்வளவுதான். தங்கச்சி உயிர் போகும் எறி ஒன்றுக்குக் கொட்டைகளைக் கையில் எடுத்தாள். அப்பா கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து ஒன்றைத் தனியே எடுத்தார்.

"இது தேய்ஞ்சது காணாது, பிள்ளை."

மெல்லக் குனிந்து சீமெந்துத் தரையில் அதைத் தேய்க்கத் தொடங்கினார். நாங்கள் ஐந்து பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.